சாமி கமிட்டியில கிடையாது

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் போன்களில் பாதி, பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாரின் சாவி எங்கே என்று கேட்பவை. மீதிப் பாதி அந்தக் கூட்டத்தைப் பற்றியவை. போன வாரம் சாத்தான்குளம் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து புதுத் தலைமையாசிரியை ஒருவர் கூப்பிட்டார். அவருடைய பள்ளி மேலாண்மைக் குழுவில், "பிள்ளையளுக்கு ஆணு, பொண்ணு, அதுக்கு மேல என்னென்னமோ சொல்லிக் குடுக்கியளாமே, விளக்கம் வேணும்" என்று பெற்றோர்கள் கேட்டுவிட்டார்களாம். கடைசியில் மெதுவாக, "மேடம், உங்க கூட்டத்துல காளி வந்து உக்காந்துச்சாமே, நெசமா?" என்றார்.

நெசம்தான். ஆனால் ஆளாளுக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்லி, இப்போது கரடிதான் தீர்மானத்தை முன்மொழிந்தது என்கிற அளவுக்குக் கதை போய்விட்டது. கரடி முன்மொழியவில்லை. வழிமொழிந்தது. இந்த மாதிரி விஷயங்களில் எனக்குப் பிசகு பிடிக்காது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் ஏரல் பக்கம், வயல்காட்டு ஊர்க்காரி. ஆசிரியர் பயிற்சியில் அட்டையில் கடிகாரம் செய்யக் கற்றுத்தந்தார்கள், கரும்பலகையில் கோடு போடாமல் நேராக எழுதக் கற்றுத்தந்தார்கள், குழந்தை உளவியல் என்று ஒரு பாடமும் இருந்தது. பெற்றோர் உளவியல் என்று ஒரு பாடம் வைத்திருந்தால் உருப்பட்டிருப்போம். அங்கே இங்கே என்று மாற்றலாகி, கடைசியாகத் தூத்துக்குடிக்கு வெளியே மாப்பிள்ளையூரணியை ஒட்டிய ஒரு பள்ளிக்கு வந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பதவி, பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருவருக்கு. இது விதி. எங்கள் தலைவி செல்வக்கனி. ஆனால் தலைவியின் நாற்காலியில் உட்கார்ந்தது அவருடைய வீட்டுக்காரர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. பள்ளித் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். முதல் கூட்டத்தில் அவர் வந்து உட்கார்ந்ததும், "அண்ணாச்சி, இது தலைவி நாற்காலி" என்றேன். "தெரியும் டீச்சர். தலைவிங்கிற முறையிலதான் உக்காந்திருக்கேன்" என்றார். செல்வக்கனி வாசலோரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்ன பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொள்வார். கடைசியில் கையெழுத்துப் போடுவார். அதற்கும் பேனாவைத் திறந்து கொடுப்பது அண்ணாச்சிதான்.

மனிதர் கெட்டவர் இல்லை. மழைக்காலத்தில் பள்ளி வாசலில் தண்ணீர் கட்டினால் தானே மண்வெட்டியோடு வந்து நிற்பார். ஆனால் எதைக் கேட்டாலும் "அது வேற, இது வேற" என்பார். ஒரு தடவை ஆண் பிள்ளைகளும் முறைவைத்து வகுப்பறையைக் கூட்டவேண்டும் என்று நான் சொன்னதற்குக் கொதித்துப்போய் வந்தார். "ஆம்பளப் பிள்ளைய கையில வாரியலைக் குடுக்கியளே, அவன் நாளைக்கு என்னவா ஆவான்?" என்றார். "காலையில உங்க கடையை யார் கூட்டுதா அண்ணாச்சி?" என்றேன். தினமும் அவர் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டுதானே பள்ளிக்கு வருகிறேன். கொஞ்சம் யோசித்தார். "அது வேற, இது வேற" என்று போய்விட்டார்.

எனக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். எந்தக் கேள்விக்கும் ஆம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "பாத்துச் செய்ங்க" என்பார். கூரை ஒழுகுகிறது என்றாலும் பாத்துச் செய்ங்க. வகுப்பறைக்குள் பாம்பு வந்துவிட்டது என்று போன் செய்தபோதும் பாத்துச் செய்ங்க. பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். நம் முகம் தெரியாவிட்டால் நாம் கேட்டதும் நினைவிருக்காது என்று ஒரு கணக்கு இருந்திருக்குமோ என்னவோ.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பில் ஹரிணி என்று ஒரு பிள்ளை. அப்பா தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிறவர். அம்மா உப்பளத்தில் வேலை. வெயில் ஏறுவதற்கு முன் உப்பு வாரவேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பிவிடுவார். பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்குக் கூட்டிவந்து திரும்பக் கூட்டிப்போவது அத்தை பவானி. அப்பாவின் உடன்பிறப்பு. பவானி ஒரு திருநங்கை. நான் வருவதற்கு வெகுகாலம் முன்பு, காக்கி டவுசர் போட்டு, வேறு பெயரில், இதே பள்ளியில் படித்தவர். அந்தப் பழைய பெயர் சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்கு மட்டும் மறக்கவில்லை. பவானி கடைக்குப் போனால் அந்தப் பெயரைச் சொல்லி, "ஏலே, என்ன வேணும்?" என்பார். எங்கள் பக்கத்தில் ஏலே என்பது ஆண்களைக் கூப்பிடுவது, ஏளா என்பது பெண்களை. பவானி பதில் பேசாமல் சாமானை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

வகுப்பில் 'என் குடும்பம்' பாடம். ஜெபராணி டீச்சர் பிள்ளைகளை ஒரு மரம் வரைந்து, கிளைக்கொருவராக வீட்டு ஆட்களை எழுதச் சொல்லியிருக்கிறார். ஹரிணி தன் மரத்தில் பெரிய கிளையில் அத்தை என்று எழுதி, பூவெல்லாம் வைத்து வரைந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த பையன், "டீச்சர், இவ அத்தை அத்தையா, சித்தப்பாவா?" என்று கேட்டான். ஜெபராணி, "அவங்க அத்தைதான். நீ உன் மரத்தை வரை" என்றார். பையன் "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு வரையப் போய்விட்டான். எங்கள் பள்ளியில் நடந்த பாலினப் பாடம் மொத்தமும் இவ்வளவுதான். ஒரு பென்சிலைச் சீவுகிற நேரம்கூட ஆகியிருக்காது.

மாலைக்குள் அது அண்ணாச்சி கடையில் வேறு வடிவம் எடுத்துவிட்டது. சித்தப்பாவை அத்தையாக மாற்றுவது எப்படி என்று பாடம் எடுக்கிறார்களாம். மறுநாள் ஒரு அப்பா வந்து, வாராவாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தானா என்று கேட்டார். இன்னொரு அம்மா, இலவசச் சீருடையில் இனிமேல் எல்லாருக்கும் பாவாடை என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். நான் சண்டைக்குத் தயாரானேன். அவரோ, "பாவாடைன்னா எம் பையனுக்குக் கொஞ்சம் லூசாக் குடுங்க டீச்சர், அவன் ஓடுத பிள்ள" என்றார்.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். அண்ணாச்சி பள்ளிக்கே வந்து, "விளக்கம் சொல்லுத வரைக்கும் அந்த ஆளு கேட்டுக்குள்ள வரக்கூடாது. பிள்ளைய அப்பனோ ஆத்தாளோ வந்து கூட்டிட்டுப் போவட்டும். கூட்டத்துல தீர்மானம் போட்டுருவோம்" என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. அப்பன் கடலில், ஆத்தாள் உப்பளத்தில். அப்படி ஒரு தீர்மானம் வந்தால் ஹரிணியைச் சாத்தான்குளத்தில் மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது என்று அவர்கள் வீட்டில் பேச்சே தொடங்கிவிட்டது. பவானி என் அறைக்கு வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர், என்னைய யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டுப் போயிருவேன். பழகிப்போச்சு. அவளை மட்டும் அங்கன அனுப்பிராதிய. அவ தலையச் சீவி விட்டாத்தான் எனக்கு ஒரு நாளு தொடங்குது" என்றார். அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு அந்த நேரம் வந்த கோபத்துக்கு அண்ணாச்சி எதிரே இருந்திருந்தால் ஸ்கேலை எடுத்திருப்பேன்.

வட்டாரக் கல்வி அலுவலரைக் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டார். கண்ணாடி துடைக்கும் சத்தம் போனிலேயே கேட்ட மாதிரி இருந்தது. "கூட்டம் போடுங்க மேடம். போடாமயும் இருக்க முடியாது. பிரச்சினை வராமப் பாத்துக்கிடுங்க. வந்தா எனக்குச் சொல்லுங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் யார்ட்டயும் சொல்லாதீங்க" என்றார். நான் வைத்துவிட்டேன்.

கூட்டத்தைக் காலாண்டுப் பரீட்சை முடிகிற நாள் மாலையில் வைத்தேன். அங்கேதான் ஒன்றை யோசிக்கவில்லை. அது குலசேகரன்பட்டினத்துத் தசரா, எங்கள் வாயில் குலசை தசரா, நடக்கிற நேரம். எங்கள் ஜில்லாவில் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருந்து, வேடம் கட்டி, வீடுவீடாகக் காணிக்கை எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் சேர்ப்பார்கள். ராஜா, குறத்தி, போலீஸ், குரங்கு என்று மனதில் நேர்ந்துகொண்ட எந்த வேடமும் கட்டலாம். காளி வேடம்தான் இருப்பதிலேயே கடினம், விரதமும் கடுமை. அண்ணாச்சியின் மகன் சின்னவனாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்து பிழைத்தவன். அன்றிலிருந்து அண்ணாச்சி வருடம் தவறாமல் காளி.

காணிக்கைக்குக் கிளம்பிய குழு, போகிற வழியில் கூட்டத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று நேராக மூன்றாம் வகுப்பறைக்கு வந்துவிட்டது. அண்ணாச்சியின் முதுகில் பலகையில் செய்த கைகள் இரண்டு பக்கமும் விரிந்திருந்ததால் வாசலில் நுழைய முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பி, ஒரு பக்கத்துக் கைகள் முதலில், பிறகு அவர், பிறகு மற்றக் கைகள் என்று உள்ளே வந்தார். பின்னாலேயே ஆட்டோ ஓட்டும் பிச்சையா, கண்டாங்கிச் சேலையும் கூடையுமாகக் குறத்தி. அதற்கும் பின்னால் வார்டு உறுப்பினர், கரடி. கரடித் தலையை அவர் கழற்றவே இல்லை. கழற்றினால் மறுபடி மாட்ட இன்னொரு ஆள் வேண்டுமாம்.

கூட்டத்துக்கு வந்திருந்த அம்மாக்கள் அத்தனை பேரும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். செல்வக்கனியும் சின்ன பெஞ்சிலிருந்து எழுந்து கண்ணை மூடிக் கும்பிட்டார். காளி போய்த் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தது.

நான் தொண்டையைச் செருமி, "அண்ணாச்சி, ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

குறத்தி பதறிப்போய், "டீச்சர்! வேசத்துல இருக்கும்போது அண்ணாச்சின்னு சொல்லக்கூடாது. குத்தமாயிரும். அம்மான்னு சொல்லுங்க" என்றது. கரடி தலையை ஆட்டியது.

"சரிங்கம்மா. ஆரம்பிக்கலாங்களா?" என்றேன்.

காளி வாயில் மாட்டியிருந்த கோரைப்பல்லை, வீரப்பல் என்பார்கள், கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கியது. பிள்ளைகள் மனதைக் குழப்பக்கூடாது, ஆண் என்றால் ஆண், பெண் என்றால் பெண், அதைத்தான் சொல்லித்தரவேண்டும் என்றது. நான் பாடத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். திருநங்கை என்று அரசாங்கமே எழுதுகிறது, பிள்ளை கேட்டால் டீச்சர் வேறு என்ன சொல்வது என்றும் கேட்டேன்.

"அத்தைன்னு எப்படிச் சொல்லலாம்? முறை என்ன ஆவுறது?" என்றது குறத்தி. இதிலிருந்து கூட்டம் முறைக்குப் போய்விட்டது. சித்தப்பா என்றால் அவர் பிள்ளைகள் ஹரிணிக்கு அண்ணன் தம்பி. அத்தை என்றால் முறைமாப்பிள்ளை. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் எந்த முறையில் பேசுவது என்று குறத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு விலாவாரியாகக் கேட்டது.

"எனக்கு ஏது பிள்ளை?" என்றார், ஹரிணி வீட்டுச் சார்பில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பவானி.

"ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்" என்றது குறத்தி.

அந்தப் பேச்சுக்கே அரைக் கூட்டம் போயிற்று. பிறக்காத பையனுக்குப் பெண் கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு அம்மா கவலைப்பட, இன்னொருவர் சொந்தத்தில் கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதை எடுத்துவிட்டார். கரடி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களையே இப்ப அம்மான்னுதான கூப்பிடுதோம். பிள்ளையளும் கூப்பிடுது. அதுகள்ல யாரும் குழம்பலையே?" என்று காளியைக் கேட்டேன்.

"அது வேற, இது வேற" என்றது காளி. ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. "டீச்சர், இது வேசம். எம் புள்ள உசுருக்கு நேந்துக்கிட்டது. தசரா முடிஞ்சா கழத்திருவேன். அவன் கழத்தவா போறான்?"

பவானி எழுந்தார். "அவுக சொல்லுதது சரிதான் டீச்சர். அது வேசம்தான். நானும் போட்டுருக்கேன். அந்தா, அந்த ரெண்டாவது பெஞ்சுல காக்கி டவுசரு போட்டு உக்காந்திருந்தேன்லா, அதுதான் என் வேசம். அதைக் கழத்தித்தான் இப்படி இருக்கேன்" என்றார்.

காளி அந்த இரண்டாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. பிடியை விடாமல், "அதெல்லாம் இருக்கட்டும். தீர்மானத்தை எழுதுங்க டீச்சர். கேட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்தது.

அப்போதுதான் வாசலோரச் சின்ன பெஞ்சிலிருந்து செல்வக்கனியின் குரல் வந்தது. அதுவரை நடந்த எந்தக் கூட்டத்திலும் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"ஹரிணி அம்மா கல்யாணத்துல தாலியில மூணாவது முடிச்சு போட்டது யாரு?" என்றார். "பவானிதான போட்டா? நாத்தனார்தான அந்த முடிச்சு போடுவா? நாம எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான நின்னோம்? பிச்சையாண்ணே, நீங்க அந்தப் பந்தியில ரெண்டு தடவ பாயாசம் வாங்கினிய. அன்னைக்கு அம்மாக்காரிக்கு நாத்தனாருன்னா இன்னைக்குப் பிள்ளைக்கு என்ன? அத்தைதான? இதுக்கு என்ன பஞ்சாயத்து?"

குறத்தி கூடையைப் பார்த்தது. காளி, "ஏளா, நீ சும்மா இரு. தலைவிங்கிற முறையில நான் பேசுதேன்லா" என்றது.

செல்வக்கனி எழுந்து நாற்காலியின் முன்னால் வந்து நின்றார். கையைக் கூப்பினார். கேலியாக இல்லை, முழுப் பக்தியோடுதான் கூப்பினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"தாயே, நீங்க இப்ப சாமி. சாமி கமிட்டியில கிடையாது. எந்திரிங்க. அது என் நாற்காலி."

காளியின் முகத்தில் அத்தனை கறுப்புச் சாயத்துக்கு உள்ளேயும் அண்ணாச்சி யோசிப்பது தெரிந்தது. 'நான் உன் புருசன்' என்று ஒரு சொல் சொன்னால் வேடத்துக்குக் குற்றம், விரதத்துக்குக் குற்றம், மகன் உயிருக்கு நேர்ந்துகொண்டதற்குக் குற்றம். சொல்லாவிட்டால் நாற்காலி போயிற்று. அவர் அவ்வளவு நேரம் பார்த்தது மனைவியின் கூப்பிய கையைத்தான். பிறகு வீரப்பல்லை எடுத்து வாயில் மாட்டிக்கொண்டார். இனிப் பேச்சில்லை என்று அர்த்தம். அந்த நிமிடத்தில் அந்த மனிதர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பலகைக் கைகள் நாற்காலியின் முதுகுக் கம்பிகளில் மாட்டிக்கொண்டன. குறத்தி ஒரு பக்கமும் கரடி ஒரு பக்கமும் பிடித்து இழுக்க, "மெதுவா, அம்மனுக்கு வலிக்கப்போவுது" என்று அம்மாக்கள் கூவ, ஒருவழியாக விடுபட்டார். உட்கார வேறு இடம் இல்லாமல் காளி சுவரோரம் நின்றது. செல்வக்கனி தன் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "எழுதுங்க டீச்சர்" என்றார்.

எழுதினேன். மூன்றாம் வகுப்பு மாணவி ஹரிணியை அவளுடைய அத்தை பவானி அழைத்துவரவும் அழைத்துச்செல்லவும் தடை ஏதும் இல்லை. குடும்பம் பற்றிய பாடத்தில் பிள்ளைகள் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டியது. பாவாடைக்காரப் பையனின் அம்மா முன்மொழிந்தார். கரடி கையைத் தூக்கி வழிமொழிந்தது. செல்வக்கனி பேனாவைத் தானே திறந்து கையெழுத்திட்டார்.

மறுநாள் அலுவலர் கூப்பிட்டார். "தீர்மானம் என்ன மேடம்?" என்றார். "அத்தை அத்தைதான்னு தீர்மானம் சார்" என்றேன். "இதை மேலே அனுப்பணுமா?" என்று அவரே என்னைக் கேட்டார். என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. "பாத்துச் செய்ங்க சார்" என்றேன்.

சாத்தான்குளத்து டீச்சர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் கூட்டத்தையும் தசராவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். அதற்கு நான் உத்தரவாதம் தரமுடியாது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கேட்டருகே பார்த்ததை மட்டும் அவரிடம் சொன்னேன்.

ஹரிணி பையை மாட்டிக்கொண்டு பவானியின் கையைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். காளி பக்கவாட்டில் திரும்பி வகுப்பறையை விட்டு வெளியே வந்தது. பிள்ளைகள் சுற்றிக்கொண்டன. ஹரிணி அண்ணாந்து பார்த்து, "அத்தை, இது சுயம்பு அண்ணாச்சிதான? அண்ணாச்சியா, அம்மாவா?" என்று உரக்கவே கேட்டாள்.

எல்லாரும் காளியைப் பார்த்தோம். காளி வீரப்பல்லைக் கழற்றிற்று.

"அம்மா" என்றது.

"சரி" என்று சொல்லி ஹரிணி நெற்றியைக் காட்டினாள். காளி குங்குமம் எடுத்து வைத்தது. பக்கத்தில் பவானியும் தலையைக் குனிந்து நின்றார். கை ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு அந்த நெற்றியிலும் வைத்தது.

"ஏளா பவானி" என்றார் அண்ணாச்சி. "லாரி வாற நேரம். பிள்ளைய ரோட்டோரமாக் கூட்டிட்டுப் போ."